மூன்று வழியும் ஒரு கப்பலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் எங்கள் பனியன் தொழிலாளர் சங்க வகுப்பில் ஓவர்லாக் டெய்லர் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏனுங்க தோழர், நாளைக்கே தனிக் கொங்குநாடு வேணும்னு பெருசா கிளம்பிருச்சுன்னு வைங்க. நம்ம சங்கம் எந்தப் பக்கமுங்க?"

அறையே சிரித்தது. "முதல்ல டீ வரட்டும் கண்ணு" என்றார் மூத்த தோழர். நானும் "அப்போ பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சப்படிக் கணக்குக்குத் திரும்பிவிட்டேன். வண்டியில் வீட்டுக்குப் போகும்போதுதான் அந்தப் பதில் உறுத்தியது. இப்படிப்பட்ட நேரத்தில் "அப்போ பார்த்துக்கலாம்" என்று இருந்த சங்கம் எதுவும் சொந்தமாக முடிவெடுத்ததாக நான் படித்ததில்லை. பக்கத்து ஆள் ஓடுகிற திசையில்தான் அதுவும் ஓடியிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 2021 ஜூலையில் புதிய ஒன்றிய அமைச்சர் ஒருவரின் குறிப்பில் 'கொங்குநாடு' என்ற சொல் வந்ததும் இங்கே கிளம்பிய பேச்சு, இந்தியாவுக்குள் தனி மாநிலம் பற்றியது. தனிநாடு கேட்பது வேறு விஷயம். 1963-ல் வந்த 16-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே இங்கே தேர்தல் அரசியலில் கிடையாது, தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அந்த ஆண்டுதான். 2021 பேச்சும் சில வாரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் எல்லைக்கோட்டை மாற்றக் கேட்கும் இயக்கம் ஒருபக்கம், தடியோடு வரும் அரசு மறுபக்கம், நடுவில் தொழிற்சங்கம் என்ற நிலை தனி மாநிலத்துக்கும் வரும், தனிநாட்டுக்கும் வரும். அந்த நிலையில் சங்கங்கள் எடுத்த வழிகளைத் தேடிப் பார்த்ததில் பெரிதாக மூன்று தென்பட்டன.

முதல் வழி, இயக்கத்தோடு முழுதாகச் சேர்ந்துகொள்வது. இதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: தெலங்கானா. 2011 செப்டம்பர் 13-ல் தொடங்கிய 'சகல ஜனுல சம்மெ', அதாவது எல்லா மக்களின் வேலைநிறுத்தம், 42 நாள் நடந்தது. சிங்கரேணி நிலக்கரித் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. ஆர்.டி.சி. என்கிற அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் ஓடவில்லை. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வெளியே வந்தார்கள். நிலக்கரி நின்றதும் மின்வெட்டு ஆந்திரம் முழுக்கப் பரவியது. கட்சிக்காரர்கள் பத்து வருடம் மேடையில் பேசியதைவிட அந்த 42 நாள் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு. 2014 ஜூன் 2-ல் மாநிலம் பிறந்தது. இயக்கத்தை நடத்தியவரே முதலமைச்சர் ஆனார்.

அப்புறம் 2019 அக்டோபர் 5. ஆர்.டி.சி.யை அரசோடு இணைக்க வேண்டும் என்று அதே பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய 48,000 பேர். குறித்த நேரத்துக்குள் வேலைக்கு வராதவர்கள் 'தங்களைத் தாங்களே வேலைநீக்கம் செய்துகொண்டார்கள்' என்று முதலமைச்சர் அறிவித்தார். 2011-ல் பஸ்ஸை நிறுத்தி யாருக்குப் பாதை போட்டார்களோ, அவரே. 52 நாள் கழித்து, கேட்ட இணைப்பு கிடைக்காமலே போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். முடித்த பிறகும் சில நாள் டிப்போ வாசலில் நிற்கவேண்டி வந்தது. இடையில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான க்யூபெக்கிலும் கதை இப்படித்தான் போனது. தனிநாட்டை நோக்கிப் போகலாமா என்று பார்ட்டி க்யூபெக்குவா கட்சி அரசு நடத்திய 1980 பொதுவாக்கெடுப்பில் அங்கத்திய பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு 'ஆம்' பக்கம் நின்றது. இரண்டே வருடத்தில், நிதி நெருக்கடி என்று சொல்லி, அதே அரசு பொதுத்துறை ஊழியர்களின் சம்பளத்தைச் சட்டம் போட்டு வெட்டியது. எதிர்த்து வெளியே வந்த ஆசிரியர்களை 1983-ல் இன்னொரு சட்டம் போட்டு வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பியது.

இதற்காக இயக்கத்தோடு சேர்வதே தப்பு என்று சொல்லமாட்டேன். தெலங்கானா தொழிலாளி ஏமாளியும் இல்லை. வேலையில் தன் பங்கு வெளியே போகிறது என்று அவருக்குச் சொந்தக் குறை இருந்தது, மாநிலமும் கிடைத்தது. குறை எங்கே என்றால், 2011-ல் சங்கத்தின் கையில் அவ்வளவு பலம் இருந்தபோது, மாநிலம் வந்தபிறகு ஆர்.டி.சி. என்ன ஆகும், ஒப்பந்தத் தொழிலாளி என்ன ஆவார் என்பதைக் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனிக்காரரிடம் வாய்வார்த்தையை நம்பி மெஷினை ஓட்டமாட்டோம். இயக்கத் தலைவரிடம் மட்டும் நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது வழி, ஒதுங்கிக்கொள்வது. சரியாகச் சொன்னால், அரசோடு அனுசரித்துப் போய் நம் ஆட்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வது. இதற்கு உதாரணம் தேட வெளிநாட்டு ஆளிடம் போக வேண்டாம். கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிற மலையகக் குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் போதும்.

இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை சுதந்திரம் வந்த கையோடு பறிக்கப்பட்டது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். இந்தப் பின்னணியில்தான் தமிழர் கூட்டணியின் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி ஈழம் கேட்டது. அந்தக் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அந்தக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றது. மலைநாட்டுத் தொழிலாளி வாழ்வது சிங்களக் கிராமங்களுக்கு நடுவில். வடக்கில் ஒரு நாடு பிறந்தால் அவருக்கு அதில் இடம் எங்கே? நியாயமான கேள்வி. 1978-ல் தொண்டமான் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசில் அமைச்சரானார். படிப்படியாகக் குடியுரிமை திரும்பியது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில் கிடைத்தது. இது சாதாரணக் காரியம் இல்லை. நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விலையும் இருந்தது. 1980 ஜூலையில் இலங்கையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய 40,000 பேரை அவசரநிலைச் சட்டத்தைக் காட்டி அரசு வீட்டுக்கு அனுப்பியது. தொண்டமான் அங்கம் வகித்த அரசுதான் அது. 1977, 1981, 1983 என்று கலவரம் வந்தபோதெல்லாம் தோட்டத்து லயங்களும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எரிந்தன. தனிநாடு கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்று கும்பல் விசாரித்துவிட்டு அடிக்கவில்லை. ஒதுங்கி நின்றால் அடி விழாது என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

நம் ஊரில் சங்கத்துக்காரர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழி மேல் ஒரு கண் உண்டு. "நமக்கெதுக்குங்க வம்பு, கூலி ஒப்பந்தத்தைப் பார்ப்போம்" என்பார்கள். அவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துவேன். அந்த ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்த வேலைநிறுத்தத்தில் அரசியலே கிடையாது. ஓய்வூதியமும் படிகளும்தான் பிரச்சினை. டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரே மூச்சில் 1,70,000 பேருக்கு மேல் வேலைநீக்கம். அடுத்த மாதமே, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. கூலிக்காக மட்டும் நின்றவனுக்கும் அதே தடிதான். 1946 ஜனவரி 8-ல் கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் சின்னையன், ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன் நால்வரும் மில் தொழிலாளர்கள். எந்த எல்லைக்கோட்டையும் அவர்கள் கேட்கவில்லை.

மூன்றாவது வழி கட்டலோனியாவின் தலைநகரான பார்சிலோனாவில் 2017-ல் நடந்தது. எனக்கு மனசு அங்கேதான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டலோனியா ஸ்பெயினின் கோயம்புத்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாலையில் வளர்ந்த சீமை. மான்செஸ்டர் பட்டம் அங்கேயும் ஒட்டியிருக்கிறது. 'வரி நாம கட்டறோம், பணம் தலைநகரத்துக்குப் போகுது' என்ற புலம்பலும் அப்படியே. பஞ்சாலையும் கார் தொழிற்சாலையும் பெருகியபோது 1950-களிலிருந்து தெற்கே அந்தலூசியா, முர்சியா, எக்ஸ்த்ரமதுராவிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். அங்கத்திய இரண்டு பெரிய சங்கங்களான 'தொழிலாளர் ஆணையங்கள்', யு.ஜி.டி. இரண்டிலும் உள்ளூர்க் கட்டலன்காரரும் வந்தேறிய அந்தலூசியாக்காரரின் பிள்ளையும் ஒரே சந்தா ரசீது வாங்குகிறவர்கள். தனிநாடு வேண்டுமா என்று சங்கத்துக்குள் ஓட்டெடுத்தால் சங்கம் இரண்டாகும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2017 அக்டோபர் 1-ல் கட்டலோனிய அரசு தனிநாடு பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. அரசியல் சட்ட நீதிமன்றம் அதை முன்பே தடை செய்திருந்தது. மத்திய போலீஸ் வாக்குச்சாவடிக்குள் புகுந்து, வரிசையில் நின்ற ஆட்களை இழுத்துப் போட்டு அடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றதாகக் கட்டலோனியச் சுகாதாரத் துறை பின்னால் கணக்குக் கொடுத்தது. சில இடத்தில் தீயணைப்பு வீரர்கள் ஹெல்மெட்டோடு போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவில் வரிசை கட்டி நின்றார்கள்.

அக்டோபர் 3-ல் ஊரே நின்றது. துறைமுகம் ஓடவில்லை, மொத்தக் காய்கறிச் சந்தை ஓடவில்லை. பார்சிலோனா கால்பந்துக் கிளப்பே பயிற்சியை நிறுத்தியது. பெரிய சங்கங்கள் இரண்டும் இதைப் 'பொது வேலைநிறுத்தம்' என்று சொல்ல மறுத்தன. தனிநாட்டு அமைப்புகள், சிறுதொழில் முதலாளிகள் சங்கம் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, போலீஸ் அடியைக் கண்டித்து வேலையை நிறுத்துவோம் என்று அழைத்தன. தனிநாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுத்துப்படியே பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவை சி.ஜி.டி., தனிநாட்டுச் சங்கமான இன்டர்சிந்திகல் போன்ற சின்னச் சங்கங்கள்.

அக்டோபர் 1-ல் அடி விழுந்து, 3-ம் தேதி சட்டப்படி வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்று சங்கத்துக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். சின்னச் சங்கங்கள் செப்டம்பரிலேயே நோட்டீஸ் கொடுத்து வைத்திருந்தன, தொழில் கோரிக்கைகளைக் காரணமாக எழுதி. ஏனென்றால் 1977 சட்டப்படி அங்கே அரசியல் வேலைநிறுத்தம் செல்லாது. நம் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான். பந்த் செல்லாது என்று 1997-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. நேற்று அடித்தான், நாளைக்கு நிறுத்துவோம் என்பது இனிமேல் காகிதத்தில் நடக்காது.

இனிக் கப்பல். வாக்கெடுப்பைத் தடுக்க வெளியூரிலிருந்து இறக்கிய போலீஸுக்குத் தங்க இடம் போதவில்லை என்று செப்டம்பரில் பயணிகள் கப்பல்களைக் கொண்டுவந்து பார்சிலோனா துறைமுகத்தில் கட்டினார்கள். அதில் ஒன்று 'மோபி தாதா' என்ற இத்தாலியக் கப்பல். பக்கவாட்டு முழுக்கக் கார்ட்டூன்: ட்வீட்டி குருவி, டாஃபி வாத்து, ஓநாய். ஊரே கைகொட்டிச் சிரித்ததும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், சிரிப்பு இன்னும் கூடியது. துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் போட்டார்கள். போலீஸை ஏற்றி வந்த கப்பல்களுக்கு நாங்கள் வேலை செய்யமாட்டோம் என்று கைதூக்கி முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான். தனிநாடு ஆதரவுத் தீர்மானம் இல்லை, கொடி இல்லை. மற்றக் கப்பல்களின் சரக்கு வழக்கம்போல இறங்கியது.

கப்பல் அதனால் கிளம்பிப் போய்விடவில்லை. வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. ஆனாலும் எனக்கு இது பெரிய பாடம். அந்த வருடம் வசந்தத்தில்தான் துறைமுக வேலைமுறையை மாற்றும் மத்திய அரசின் ஆணையை எதிர்த்து ஸ்பெயின் முழுக்க அவர்கள் போராடியிருந்தார்கள். முதல் ஆணையை மார்ச்சில் நாடாளுமன்றமே தள்ளுபடி செய்தது. அந்தக் கட்டுக்கோப்பு கலையாமல் இருந்தது. செய்ய மறுத்ததும் தங்கள் கையில் இருக்கிற வேலையைத்தான். பஸ் மறிக்கவில்லை, கடை அடைக்கச் சொல்லவில்லை.

இதை நவம்பர் 8-ன் வேலைநிறுத்தத்தோடு வைத்துப் பார்க்கலாம். தனிநாட்டுத் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். இன்டர்சிந்திகல் மட்டும் அழைத்தது, பெரிய சங்கங்கள் வரவில்லை. சாலையையும் ரயில் பாதையையும் இயக்கத்து இளைஞர்கள் மறித்தார்கள், தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஓடின. பட்டறைக்குள் ஆள் இல்லாத வேலைநிறுத்தம் சாலைமறியலாகத்தான் முடியும். நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது வழிக்கும் விலை உண்டு. 2018 ஏப்ரல் 15-ல் சிறையில் இருந்தவர்களின் விடுதலை கேட்டு நடந்த ஊர்வலத்தில் இரண்டு பெரிய சங்கங்களும் கலந்துகொண்டன. சங்கத்துக்குள்ளேயே சண்டை வந்தது, "தனிநாட்டுக்காரனோடு ஏன் நடந்தாய்?" என்று ஒருபக்கம். "தனிநாட்டை ஏன் ஆதரிக்கவில்லை, துரோகி" என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் திட்டு வாங்கத் தயார் என்றால்தான் இந்த வழியில் இறங்கலாம். சங்கம் மட்டும் உடையவில்லை.

இன்னொரு பழைய கதையும் பார்சிலோனாவில் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் வழியின் மேல் எனக்குச் சந்தேகம் கூடியது. 1918 முடிவில் கட்டலன் முதலாளிகளின் கட்சி 'சுயாட்சி' கேட்டு மாட்ரிட்டில் இருந்த மத்திய அரசோடு மல்லுக்கு நின்றது. 1919 பிப்ரவரியில் 'கனடாக் கம்பெனி' என்று ஊரார் அழைத்த மின்சாரக் கம்பெனியில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஊர் இருண்டது. வேலைநிறுத்தக்காரர்களை ராணுவத்தில் சேர்க்க உத்தரவு வந்தது. மறுத்தவர்களை ஆயிரக்கணக்கில் மொன்ஜுயிக் கோட்டையில் அடைத்தார்கள். அச்சகத் தொழிலாளர்கள் போராட்டத்துக்கு எதிரான அறிவிப்புகளை அச்சுக்கோக்க மறுத்தார்கள். 44 நாள் கழித்து 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அதற்குள் அந்த முதலாளிகளின் சுயாட்சிக் கோஷம் எங்கே போனது? தொழிலாளியை அடக்க அதே மாட்ரிட் ராணுவத்தின் பின்னால் போய் நின்றார்கள். 1923-ல் ராணுவ ஆட்சி வந்தபோது அவர்களில் பலர் கைதட்டினார்கள். இருந்த கொஞ்ச சுயாட்சியையும் இரண்டு வருடத்தில் அந்த ஆட்சியே கலைத்தது.

நூறு வருடத்துக்கு முந்திய கதை, அப்படியே இங்கே பொருத்தக்கூடாதுதான். ஆனாலும் பின்னலாடைத் தொழில் பற்றிய மேடையில் 'நம்ம சீமை, நம்ம உழைப்பு' என்று கேட்கும்போதெல்லாம் 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் 127 நாள் நின்றதும் நினைவுக்கு வருகிறது. அப்போதும் எதிரில் இருந்தது நம்ம சீமைக்காரர்தான்.

சரி, நம் தளத்துக்கு வருவோம். எங்கள் லைனில் 40 மெஷின். மேலோட்டமாக எண்ணினால் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரைத் தாக்குவதாகப் பொய் வீடியோ பரவியது. அந்த வாரம் திருப்பூர் ரயில் நிலையத்தில், தோளில் பையும் கையில் பெட்ஷீட் மூட்டையுமாக உட்கார்ந்திருந்த செக்கிங் பையன் ஒருவனிடம் "ஹோலிக்குப் போறியா?" என்று கேட்டேன். போனில் அந்த வீடியோவைக் காட்டினான். ஒடியாவில் அவன் அம்மா அழுத ஆடியோவையும் போட்டுக் காட்டினான். அது பொய் என்று சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவன் நம்பினானா தெரியாது, ரயில் வந்ததும் ஏறிவிட்டான். 'கொங்கு கொங்குக்காரனுக்கே' என்ற ஒரு தட்டி தெருவில் ஏறினால் அவன் எந்தப் பக்கம் நிற்பான்? முதல் வழியில் போனால் அவனை இழக்கிறோம். இரண்டாவது வழியில், அவன் அடிபடும்போதும் நாம் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதனால் கிளைக் கூட்டத்துக்கு நான் எழுதிய தீர்மானம் மூன்றாவது வழிதான், சில திருத்தத்தோடு. எல்லைக்கோடு பற்றிச் சங்கத்துக்கு நிலைப்பாடு கிடையாது. உறுப்பினர் எந்தக் கொடியையும் வீட்டில் கட்டிக்கொள்ளலாம், வாயிற்கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கூட்டத்துக்குத் தடை, தடியடி, அரசியல் காரணத்துக்காக வேலைநீக்கம் என்று வந்தால் அடிபட்டவர் யாராக இருந்தாலும் சங்கம் பேசும். என்ன செய்வது என்பதை அந்தந்த யூனிட் வாயிற்கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுக்கும். மேலிருந்து அறிக்கை வரும்வரை காத்திருக்காது. இயக்கம் ஆதரவு கேட்டு வந்தால் பீஸ் ரேட்டும் பி.எஃபும் இ.எஸ்.ஐ.யும் எழுதிய தாளோடு வரட்டும், அப்போதும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பேச்சு. வெளி மாநிலத் தொழிலாளியைக் குறிவைக்கிற எந்த இயக்கத்தையும் முதல் நாளே எதிர்ப்போம். இந்த ஒன்றில் மட்டும் நடுநிலை கிடையாது.

மூத்த தோழர் படித்துப் பார்த்துவிட்டு, "இல்லாத பாம்புக்குத் தடி வெட்டறீங்க" என்றார். "பாம்பு வந்தப்புறம் மூங்கில் தேட முடியாதுங்கண்ணா" என்றேன். சிரித்துவிட்டு, 'கையெழுத்து' என்ற இடத்தில் 'முத்திரையுடன்' என்று சேர்த்துக் கொடுத்தார்.

தமிழில் மட்டும் படித்தால் பாதி லைனுக்குப் புரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. 2023-ல் ரயில் ஏறிப் போன அந்தச் செக்கிங் பையன் தீபாவளிக்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். இப்போது பக்கத்து யூனிட்டில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, நான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, ஒரு பழைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் ஒடியாவில் எழுத வைத்தேன். கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தான். பேனாவை மூடிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, சந்தா மாசம் எவ்வளவு?"